தறி ஓடும் ஊரில் பயிலரங்கு

நகரத்தில் வேலை பார்த்து வாழ்பவர்கள் சில நாள்கள் ஒரு சிற்றூரில் தங்கி, நூற்கவும் நெய்யவும் துணிக்குச் சாயமேற்றவும் பூத்தையல் போடவும் கற்றுக்கொண்டு திரும்பும் ஏற்பாடு, கைவினைப் பயிலரங்கு என்ற பெயரில், கடந்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின், குறிப்பாகப் பிரான்சின், நாட்டுப்புறங்களில் வேரூன்றியிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உழவர் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட, ஆளின்றிக் கிடந்த கல்வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கிச் செப்பனிட்டனர். தானியக் களஞ்சியம் பணிக்கூடமாயிற்று, மாட்டுக்கொட்டில் விருந்தினர் அறையாயிற்று. ஒரே மேசையில் உணவு, காலையில் ஒரு பாடம், மாலையில் ஒரு நடை, கடைசி நாளில் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் செய்த ஒரு பொருள் என்பதே இவற்றின் பொதுவான ஒழுங்கு. இந்த ஏற்பாடு செழித்த இடங்களில் பெரும்பாலும் அந்தந்தத் தொழில் முன்பே ஓய்ந்துவிட்டது என்பதைப் பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் இருப்பவர்கள் கருதிப்பார்க்க வேண்டிய தேவை குறைவு. தமிழ்நாட்டின் கரிசல் ஊர்களான அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் மல்லாங்கிணற்றிலும் இருந்து பார்ப்பவர்களுக்கு அதுவே முதலில் கண்ணில் படும்.

பிரான்சின் தென்மேற்கில், துலூஸ் நகரைச் சுற்றிய நிலப்பகுதி, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பாஸ்டெல் எனப்படும் நீலச்சாயச் செடியால் செல்வம் கொழித்தது. அதன் இலையை அரைத்து உருண்டையாக உருட்டி உலர்த்தி விற்ற வணிகர்கள் துலூஸில் மாளிகைகள் எழுப்பினர். அவுரியில் உள்ள அதே நீலப்பொருள்தான் பாஸ்டெலிலும் உள்ளது; ஆனால் அளவில் அவுரி பல மடங்கு மிகுதி. கப்பலேறி வந்த இந்திய அவுரியின் போட்டியும் மதப்போர்களும் சேர்ந்து பாஸ்டெல் வாணிகத்தைச் சாய்த்தன. அவுரியைப் பயன்படுத்துவோருக்கு மரண தண்டனை என்று நான்காம் ஹென்றி மன்னர் 1609இல் ஆணையிட்டும் பயனில்லை. பின்னர் அவுரிக்கும் முறை வந்தது: ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் 1897இல் ஆலையில் செய்த நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின், இந்தியாவின் அவுரி வயல்கள் சில ஆண்டுகளில் சுருங்கிப்போயின. 1990களில் துலூஸுக்கு மேற்கே லெக்தூர் என்னும் சிற்றூரில் பாஸ்டெல் நீலத்தை மீட்டெடுத்து, அதைத் தோய்க்கக் கற்றுக்கொடுக்கும் பட்டறையும் தொடங்கப்பட்டது. அங்கே ஒரு நாள் முழுவதும் துணியைத் தொட்டியில் அமிழ்த்திப் பழகியவர், சாயத்தொழிலால் வாழும் எவருடைய பிழைப்பையும் தொடவில்லை. அந்தப் பிழைப்பு 17ஆம் நூற்றாண்டிலேயே முடிந்துவிட்டது. அவர் செய்தது நினைவைப் பேணும் வேலை. அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

தமிழ்க் கடற்கரையில், கற்க வருபவருக்கும் தொழிலால் வாழ்பவருக்கும் உள்ள இந்த உறவு நேர்மாறாக இருந்த காலம் ஒன்று உண்டு. பிரான்சில் அச்சிட்ட, வரைந்த பருத்தித் துணிகளுக்கு 1686 முதல் 1759 வரை தடை நடப்பில் இருந்தது. பட்டு, கம்பளி நெசவாளரைக் காப்பதே அதன் நோக்கம். தடை இருந்த அந்த ஆண்டுகளிலேயே அத்துணியைச் செய்யும் முறையை அறிந்துகொள்ளும் ஆவலும் அங்கே மூண்டிருந்தது. 1734 அளவில் பியூலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு துணி ஓவியரின் அருகில் அமர்ந்து, கடுக்காயும் எருமைப்பாலும் சேர்ந்த நீரில் துணியைத் தோய்ப்பது தொடங்கி, படிகாரத்தால் வரைவது, சாயவேர்க் கொதியில் சிவப்பு ஏற்றுவது, மெழுகு பூசி நீலத்தில் அமிழ்த்துவது வரை ஒவ்வொரு கட்டத்தையும் குறித்துக்கொண்டார்; ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்தார். அந்தக் கையெழுத்துப்படி துணித் துண்டுகளோடு இன்றும் பாரிஸில் இருக்கிறது. 1742இல் கர்தூ என்னும் ஏசுசபைப் பாதிரியார், மதம் மாறிய துணி ஓவியர்களிடம் கேட்டறிந்த செய்முறையை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். தடை நீங்கிய அடுத்த ஆண்டில், 1760இல், பாரிஸுக்கு அருகே ழூயி என்னும் ஊரில் ஒபெர்கம்ப் தொடங்கிய அச்சுத்துணி ஆலை உலகப் புகழ் பெற்றது. அந்த ஒரு கடிதத்தாலும் ஒரு கையெழுத்துப்படியாலும் மட்டுமே அந்த ஆலை எழுந்தது என்று சொல்வது மிகை. ஆயினும், வெளிநாட்டிலிருந்து வந்து, கைவினைஞரிடம் கட்டம் கட்டமாகக் கற்று, கற்றதை எழுதித் தம் நாட்டுக்குச் சேர்ப்பித்த தொடக்க கால மாணவர்கள் இவர்கள் எனலாம். மாணவர்களின் பெயர் ஏட்டில் இருக்கிறது. கற்றுக்கொடுத்தவர்களின் பெயரோ அவர்கள் பெற்ற கூலியோ எந்த ஏட்டிலும் முதன்மை பெறவில்லை.

மல்லாங்கிணறு விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி வட்டத்தில் உள்ள பேரூராட்சி. அங்கிருந்து தெற்கே அருப்புக்கோட்டை வரையிலும் தென்கிழக்கே திருச்சுழி வரையிலும் பரந்திருப்பது பெரும்பாலும் மழையை நம்பிய கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பதும், மழையில் காலைப் பிடித்துக்கொண்டு விடாததுமான கருமண். இந்த மண்ணுக்கே உரிய பருத்தி கருங்கண்ணி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து, மழை ஓய்ந்தபின் மண்ணின் அடி ஈரத்திலேயே காய்த்து, மாசி, பங்குனியில் வெடிக்கும் செடி அது. இழை குட்டையானது, பூச்சியையும் வறட்சியையும் தாங்குவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்து கிணற்றுப் பாசனச் செம்மண்ணில் பரவியது. அதன்பின் நீண்ட இழையை விரும்பிய நூற்பாலைகளின் தேவைக்கேற்ப ஒட்டுரகங்கள் வந்தன. 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியிலிருந்து பல தேர்வு ரகங்களை உருவாக்கியும்கூட, அதன் பரப்பு சுருங்கியபடியே இருந்தது. அண்மைக் காலத்தில் மழையை மட்டும் நம்பிய நாட்டுப் பருத்தியை உழவரிடம் நேரடியாக வாங்கி, நூற்று, இயற்கைச் சாயமிட்டு, ஆடையாக்கி விற்கும் சில சிறு முயற்சிகள் தமிழ்நாட்டில் தலையெடுத்திருக்கின்றன. சென்னையிலிருந்து இயங்கும் துலா அவற்றுள் ஒன்று. கிராமப் பயிலரங்குகளை நாடுபவர்களும் இம்முயற்சிகளின் துணியை வாங்குபவர்களும் பெரும்பாலும் ஒரே வகையினர் என்பதால், இரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கலாம்.

செடியில் வெடித்த பருத்தி துணியாகும் வரை எத்தனை கைகள் மாறுகிறது என்பதை இந்தச் சீமையில் வளர்ந்த எவரும் அறிவர், ஆனால் முழுவதையும் ஒரே இடத்தில் பார்த்தவர் குறைவு. சுளை பிடுங்குவது பெண்களின் வேலை. காயின் உலர்ந்த தோடு விரல் நுனியைக் கீறும் என்பதால், பருத்தி எடுப்பு முடிந்த பருவத்தில் அவர்களுடைய விரல்களில் வெள்ளைக் கீறல்கள் மாறாமல் இருக்கும். கொட்டை நீக்குவது அரைவை ஆலை, கொட்டை மாட்டுக்கும் பருத்திப்பால் காய்ச்சும் அடுப்புக்கும் போகும், பருத்திமார் விறகாகும். விருதுநகர் வணிகர் வழியாகப் பஞ்சு நூற்பாலைக்குப் போய், நூலாகத் திரும்பி, அருப்புக்கோட்டையில் கன்னடம் பேசும் தேவாங்கர் தெருக்களுக்கும் சாலியர் தெருக்களுக்கும் வந்து சேரும். அங்கேயும் வேலை ஒரே கையில் நிற்பதில்லை. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஊடை என்பது அதன் குறுக்கே பாயும் நூல். பாவுக்கு நூலை அளந்து ஓட்டுபவர் ஒருவர். பாவடி எனப்படும் திறந்தவெளியில் அதை நீள விரித்துக் கஞ்சி தோய்த்து, இழையோடு இழை ஒட்டாதபடி தூரிகையால் நீவி உலர்த்தச் சிலர். ஊடைக்குரிய நூலைத் தாராகச் சுற்றிக்கொடுக்க வீட்டுப் பெண்களும் முதியவர்களும். பழைய பாவின் நுனியோடு புதிய பாவை இழைக்கு இழை பிணைத்துத் தர அதற்கென்றே பழகிய ஒருவர். இவ்வளவும் முடிந்தபின்பே நெய்பவர் குழித்தறியில் கால் வைக்கிறார். கஞ்சி போடும் வேலை விடிவதற்கு முன் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் நூல் முறுகிப்போகும். மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் பாவு போட முடியாது. மழைக்காலத்து நெசவாளர் வீட்டின் அடுப்பைப் பற்றி இந்தத் தெருக்களில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை கைகளுக்குள் பிரிந்து கிடக்கும் ஒரு தொழிலை, ஒரே ஆள் நான்கு நாளில் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்க்கலாம் என்று சொல்வதே பயிலரங்கின் கவர்ச்சி. ஆலைத் தொழிலும் அலுவலகத் தொழிலும் வேலையைத் துண்டு துண்டாக்கிவிட்டன, அதனால் நகரத்து மனிதர் முழுமையான ஒரு பொருளைச் செய்யும் மகிழ்ச்சியை இழந்துவிட்டார், அந்த முழுமை கிராமத்தில் இன்னும் இருக்கிறது என்பது இதன் பின்னால் உள்ள எண்ணம். இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு அழகான வடிவம் கொடுத்துவிட்டார். ஆனால் அருப்புக்கோட்டைத் தெரு இதற்கு ஒத்துவராது. ஆலை வருவதற்கு நெடுங்காலம் முன்பே நெசவு பலருடைய வேலையாகப் பிரிந்திருந்தது. சாதியாகவும் குடும்பத்துக்குள் ஆண் பெண் என்றும் பிரிந்திருந்தது. முழுத்துணியைத் தனியொருவர் செய்த பொற்காலம் இந்தத் தெருவின் நினைவில் இல்லை.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். நூலின் மென்மையை நம்பரால் குறிப்பது வழக்கம். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுவே நூலின் நம்பர். 20ஆம் நம்பர் நூலில் நெய்த 200 கிராம் எடையுள்ள துண்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 7,400 கெஜம், அதாவது ஆறே முக்கால் கிலோமீட்டர் நூல் வேண்டும். பழகிய கை இராட்டையில் மணிக்கு 300 கெஜம் நூற்கும் என்று கொண்டாலும் அந்த ஒரு துண்டுக்கு 25 மணி நேரம் ஆகும். பழகாத கைக்கு எத்தனை நாள் என்பதைச் சொல்லவே வேண்டாம். எனவே பயிலரங்கில் கலந்துகொள்பவர் நூற்பது ஒரு சில முழம். நெய்வது வேறொருவர் நூற்ற நூலில், வேறொருவர் ஓட்டிய பாவில், வேறொருவர் பிணைத்துத் தந்த தறியில். அவர் தாமே செய்ததாகக் கொண்டுபோகும் துணியில் அவருடைய பங்கு மிகச் சிறியது. இதை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடும் பயிலரங்கு, அந்த ஒன்றினாலேயே மற்றவற்றைவிட மேலானது எனலாம்.

கரிசல் சீமைக்கு அருகில், கிராமத்தில் தங்கி நூற்கவும் நெய்யவும் பழகும் இடம் புதிதல்ல. மல்லாங்கிணற்றுக்கு மேற்கே, விருதுநகரையும் கடந்து, மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில் 1940இல் கோ. வெங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் கதரையும் கிராமத் தொழில்களையும் ஆதாரக் கல்வியையும் ஒன்றாக வைத்து நடத்தியது. ஆதாரக் கல்வி என்பது கைத்தொழிலின் வழியாகவே மற்றப் பாடங்களையும் கற்பிக்கும் முறை. இராட்டையில் கணக்கு, பஞ்சில் மண்ணியல், துணியில் வரலாறு. காந்தியப் பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அங்கேயே கழித்தார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, லண்டனில் கணக்காயராகப் பயின்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்த அவர், சிறையில் எழுதி 1945இல் வெளிவந்த தம் நூலில், இயற்கையில் காணும் உயிர்களின் நடத்தையைக் கொண்டு பொருளாதாரங்களை ஐந்தாக வகுத்தார். தான் எதுவும் இடாத மாந்தோப்பில் புகுந்து பழம் தின்னும் குரங்கு பறிப்புப் பொருளாதாரத்துக்குச் சான்று. தேனை எடுத்துக்கொண்டாலும் பூவுக்குப் பூ மகரந்தத்தைச் சேர்த்து, எடுத்த இடத்துக்கே பயன் செய்யும் தேனீ முயற்சிப் பொருளாதாரத்துக்குச் சான்று. கிராமத்தில் நடக்கும் பயிலரங்கு இவ்விரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அறிய அதன் விளம்பரத்தைப் படிக்க வேண்டியதில்லை, அதன் வரவுசெலவைப் பார்த்தால் போதும்.

வரவுசெலவைப் பற்றிக் காந்தி இயக்கமே ஒருமுறை தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. 1935இல் அகில பாரத நூற்போர் சங்கம், கதரை மலிவாகக் கொடுப்பதற்காக நூற்கும் பெண்களுக்கு மிகக் குறைந்த கூலி கொடுத்துவருகிறது என்ற உண்மையைக் காந்தி முன்னுக்குக் கொண்டுவந்தார். எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணா என்பது அவர் விரும்பிய அளவு. சங்கத்தால் அதை எட்ட முடியவில்லை. ஆயினும் கூலி உயர்த்தப்பட்டது, கதரின் விலையும் ஏறியது. விற்பனை குறையுமே என்று கதர்க்கடைக்காரர்கள் அஞ்சியது இயல்பு. நாட்டுக்காக நூற்பவர் வேறு, வயிற்றுக்காக நூற்பவர் வேறு என்பதும், முன்னவரின் அரைமணி நேர வேள்வியைக் கொண்டு பின்னவரின் எட்டு மணி நேரத்துக்கு விலை வைக்கக் கூடாது என்பதும் அந்த ஆண்டில்தான் இயக்கத்துக்குள் ஓங்கி ஒலித்தன. இன்றைய பயிலரங்குக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி வேறில்லை. பயிலரங்கிலும் மனநிறைவுக்காகத் தறியில் அமர்பவரும் கூலிக்காகத் தறியில் அமர்பவரும் ஒரே பலகையில் அருகருகே இருக்கின்றனர்.

(நெசவாளரை வீட்டிலிருந்து பெயர்த்துப் புதிய இடத்தில் அமர்த்தும் முயற்சிகள் தமிழ்நாட்டில் எளிதில் வெற்றி பெற்றதில்லை என்பதையும் இடையே குறிப்பிடலாம். சென்னை மாகாண அரசின் சார்பில் ஆல்பிரட் சாட்டர்டன் 1906இல் சேலத்தில் நெசவுக்கூடம் ஒன்றைத் தொடங்கி, ஊடையைச் சுமக்கும் நாடாவைக் கயிற்றை இழுத்து ஓட்டும் விசைநாடாத் தறிகளை வைத்து, நெசவாளரை நேரத்துக்கு வரச்சொல்லி, கூலி கொடுத்துப் பார்த்தார். நாடா நல்லதென்று நெசவாளர் ஏற்றுக்கொண்டனர்; கூடம்தான் பிடிக்கவில்லை. 1910இல் அது மூடப்பட்டது. வீட்டுத் தறியை விட்டு வந்தால் தார் சுற்ற யாரும் இல்லை என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.)

செட்டிநாட்டில் பயிலரங்குக்கு எதிர்த்திசையில் நடந்த ஒன்று உண்டு. பனையோலையை மெல்லிய கீற்றுகளாக வகிர்ந்து, சாயமேற்றி, பின்னி, விளிம்பில் மணியும் துணியும் வைத்துத் தைக்கும் கொட்டான் என்னும் சிறு கூடை, நகரத்தார் வீட்டு ஆச்சிமார்கள் திருமணச் சீருக்காக ஓய்வு நேரத்தில் செய்துவந்த கைவேலை. அவர்களுள் அதை அறிந்தவர் அருகிப்போன நிலையில், விசாலாட்சி ராமசாமி முன்னின்று நடத்திய அறக்கட்டளை, காரைக்குடிப் பக்கத்துக் கிராமப் பெண்களுக்கு அதைப் பயிற்றுவித்துக் கூலித் தொழிலாக மாற்றியது. செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையின் பழைய கோடுகளையும் கட்டங்களையும் மீட்டதும் அந்த முயற்சியின் பகுதி. செல்வர் வீட்டு ஓய்வு அங்கே பிறர் வீட்டு வருமானமாயிற்று. தங்கிப் பயிலும் பயிலரங்கோ பிறருடைய வருமானத் தொழிலை வேறொருவரின் ஓய்வாக மாற்றுகிறது. இரண்டும் கைவினை மீட்பு என்ற ஒரே பெயரில் வழங்குவதால், இவற்றின் திசை வேறு என்பது கவனத்துக்கு வருவதில்லை. இதே செட்டிநாட்டில், கோத்தமங்கலத்தின் 1910ஆம் ஆண்டு மாளிகையான சாரதா விலாஸை இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் செப்பனிட்டு விருந்தினர் இல்லமாக நடத்திவருவது, பிரெஞ்சுக் கல்வீட்டுக்கு நேர்ந்த அதே கதை தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டதற்கு அடையாளம். ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றித் தரையோடு செய்வதைப் பார்க்க வரும் பயணிகளும் பயிலரங்கை நாடும் அதே வகையினரே. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா கைவினையை நேரில் காட்டிப் பழக்குவதை அருங்காட்சியகத்தின் பகுதியாகவே ஆக்கிக்கொண்டது. சவ்வாது மலையடிவாரத்துக் குக்கூ காட்டுப்பள்ளி போன்ற இடங்கள் காந்திய மரபிலிருந்து இதே புள்ளிக்கு வந்து சேர்ந்தன.

கலை போற்றப்பட்டும் தாம் போற்றப்படாத கலைஞரைக் கரிசலில் பிறந்த எழுத்து கவனித்திருக்கிறது. மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின், 2018ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'சஞ்சாரம்' நாவல், கரிசல் ஊர்களின் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. தெய்வத்தின் முன் முதலிடமும் ஊர்ச் சபையில் கடைசி இடமும் பெற்றவர்கள் அவர்கள். நெசவாளரின் நிலை இதிலிருந்து மிகவும் விலகியதன்று. அவர் நெய்த துணி மணமேடையில் இருக்கும், அவருடைய தறிக்குழியில் ஈரம் ஊறிக்கொண்டிருக்கும்.

தறியில் முதன்முறை அமரும் ஒருவரை அருகிலிருந்து பார்த்தால், பயிலரங்கு உண்மையில் எதைக் கற்றுத்தருகிறது என்பது புலப்படும். வலது மிதியை அழுத்தும்போது பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும். நாடா அந்த வாய்க்குள் ஓடி மறுபக்கம் சேர வேண்டும். அச்சு வந்து ஊடையை அடித்துச் சேர்க்க வேண்டும். அதன்பிறகே இடது மிதி. புதியவர் கையை நினைத்தால் காலை மறந்துவிடுவார், காலை நினைத்தால் நாடா பாதி வழியில் நின்றுவிடும். ஊடையை இறுக்கி இழுக்கும் பழக்கம் அனைவருக்கும் வரும். ஒரு சாண் நெய்வதற்குள் துணியின் அகலம் விரலளவு குறைந்திருக்கும், கரை பாம்பு போன பாதையாக நெளிந்திருக்கும். அருகில் நிற்கும் நெசவாளர் வாயால் விளக்குவது மிகக் குறைவு. அவர் கற்றது சொற்களால் அல்ல, தந்தையின் தறிக்கு அருகில் தார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஓசையால் கற்றது; நாடாவின் ஓசை மாறினால் எந்த இழை அறுந்தது என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவார். "இழுக்காதீங்கம்மா, விட்டுப் பிடிங்க, அதுவா போகும்" என்பதற்கு மேல் அவரிடம் பாடம் இல்லை. இத்தகைய அறிவுக்குப் பாடத்திட்டம் எழுதி, படிநிலை வகுத்து, அதை ஆங்கிலத்தில் விளக்குவதற்கு ஒரு நகரத்து வடிவமைப்பாளர் தேவைப்படுகிறார். அவர் வந்தவுடன் ஆசிரியர் இடம் அவருக்குப் போய்விடுகிறது, நெசவாளர் உதவியாளராகிவிடுகிறார். பியூலியூவின் கையெழுத்துப்படியில் நிகழ்ந்ததும் இதுவே. பயிலரங்கின் அழைப்பிதழில் யாருடைய பெயர் முதலில் வருகிறது, யாருக்கு நாள்கூலி, யாருக்குக் கட்டணம் என்பன சில்லறைக் கேள்விகளாகத் தோன்றினாலும், இவற்றைத் தவிர்த்துவிட்டு மரபைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) இந்தியாவில் ஏறத்தாழ 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் கணக்கிட்டது. அவர்களுடைய குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுவதாகவும் அதிலிருந்து தெரிந்தது. ஒரு வாரப் பயிலரங்கில் ஒருவர் செலுத்தும் கட்டணம் அந்த மாத வருவாயைவிடப் பல மடங்காக இருக்கக்கூடும் என்பது உண்மை. அதனாலேயே பயிலரங்கு தீது என்று முடிவு கட்டுவது அவசரம். நெசவாளர் தம் மகனையோ மகளையோ தறியில் அமர்த்த விரும்பாத காலத்தில், தொலைவிலிருந்து பணம் கொடுத்து வந்து அதே தறியில் அமர விரும்பும் ஒருவரைப் பார்ப்பது, தெருவுக்கு ஒரு வேடிக்கையாகவும் ஒரு சிறு பெருமையாகவும் இருக்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது முடிச்சுக் கட்டும் சௌராஷ்டிரப் பெண்களின் தொழிலுக்கு வந்த கவனம் போன்றது இது. குறியீடு விலையை உடனே உயர்த்திவிடாது, ஆயினும் பேரம் பேசும்போது நிமிர்ந்து நிற்க ஒரு காரணம் தரும்.

இனி, கரிசலில் இத்தகைய பயிலரங்கு நடக்குமானால் அதன் நாள்காட்டியே முதல் சிக்கலாக இருக்கும். வெளிநாட்டார் வரக்கூடிய மார்கழி, தை, மாசி மாதங்கள்தாம் பொங்கலுக்கும் முகூர்த்தங்களுக்கும் தறி நிற்காமல் ஓடும் மாதங்கள். தறிக்கு வேலை குறையும் மழைக்காலத்தில் பாவடி நனைந்து கிடக்கும், பார்க்க எதுவும் இராது. சித்திரை, வைகாசியில் பருத்தி எடுப்பும் முடிந்து, வெயிலில் ஊரே வீட்டுக்குள் இருக்கும். அப்போது விருந்தினர் எவரும் வரமாட்டார். எனவே பயிலரங்குக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தறியும் கூலி நெசவிலிருந்து பறித்துக் கொடுக்கும் தறியாகவே இருக்கும்.

அந்தத் தறியின் கணக்கு பயிலரங்கு முடியும் நாளோடு முடிவதில்லை. நான்கு நாள் புதியவர்கள் மிதித்த பாவில் இழை தளர்ந்திருக்கும், அறுந்த இடங்களில் முடிச்சுகள் விழுந்திருக்கும், நெளிந்த கரையோடு நெய்த சில முழம் துணியைச் சங்கமோ முதலாளியோ வாங்கமாட்டார். விருந்தினர் அந்தத் துண்டை வெட்டிக்கொண்டு போனபின், நெசவாளர் பாவைத் திரும்ப இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிணைத்து, பாவிழைகளை ஏற்றி இறக்கும் விழுதில் கோத்து, பழைய இறுக்கத்துக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆகலாம். பாவு முற்றிலும் கெட்டிருந்தால் பிணைப்பவரை மீண்டும் கூப்பிட வேண்டும். பயிலரங்கு நடத்துபவர்கள் ஆசிரியக் கட்டணம், நூல், உணவு, வண்டி என்று செலவுகளை எழுதும்போது, தறி சும்மா நின்ற இந்த நாள்களுக்கும், பிணைப்பவரின் கூலிக்கும், தார் சுற்றிக்கொடுத்த பெண்ணின் நேரத்துக்கும் தனித்தனியே ஒரு வரி எழுதி, அந்தத் தொகையைப் பயிலரங்கு தொடங்கும் முன்பே கொடுத்துவிடுவது நடைமுறைக்கு ஒத்ததே. அவ்வாறு கொடுத்தால் கட்டணம் ஏறும், சிலர் வரமாட்டார்கள். 1935இல் கதரின் விலை ஏறியபோதும் சிலர் வாங்கவில்லை.